முன்னாடி எப்படி இருந்தாங்க?

தமிழ்நாட்டில் 'நர்சிங் ஹோம்' என்றால் நமக்குப் பிரசவம்தான் நினைவுக்கு வரும். டாக்டர் ஒருவர் தன் வீட்டு மாடியில் பத்துக் கட்டில் போட்டு நடத்தும் சின்ன ஆஸ்பத்திரிக்கு அந்தப் பெயர். மேல்நாட்டு ஆய்வுக் கட்டுரைகளில் அதே சொல்லுக்கு அர்த்தம் வேறு. வயதானவர்கள் தங்கி, பராமரிப்புப் பெற்று, பெரும்பாலும் அங்கேயே இறந்துபோகும் இடம் அது. நம் ஊரில் அதற்குப் பக்கத்தில் வருவது முதியோர் இல்லம். இப்படிப்பட்ட இல்லங்களில் டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் உள்ளவர்களை அடையாளம் காண ஓர் ஆய்வுக் குழு கேள்விப் படிவம் ஒன்றைத் தமிழில் தயாரித்திருந்தது. 'நர்சிங் ஹோம் வாசி' என்று முதல் வரியிலேயே இருந்தது. தமிழ் கற்பிப்பவள், அடி அண்ணாமலையில் குடியிருப்பவள் என்ற இரண்டு காரணங்களுக்காக மொழியைச் சரிபார்க்கச் சொல்லி என்னிடம் வந்தார்கள். சரிபார்த்துக் கொடுத்ததோடு நிற்காமல் சில நாட்கள் அவர்களோடு இல்லத்துக்கும் போனேன்.

அடி அண்ணாமலை, பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மலைக்கு மேற்கே இருக்கிறது. ஊரை அடி அண்ணாமலை என்றும் ஆதி அண்ணாமலை என்றும் இரண்டு விதமாகச் சொல்வார்கள். இங்குள்ள சிவன் கோயிலுக்கு ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் என்று பெயர். பாதை நெடுகக் காவி கட்டிய முதியவர்களைப் பார்க்கலாம். அன்னதானம் கிடைக்கும், படுக்கத் திண்ணை கிடைக்கும், மலை துணையிருக்கும் என்று வந்தவர்கள் உண்டு. கிரிவலத்துக்கு அழைத்துவந்து விட்டுவிட்டுப் போனார்கள் என்று தாங்களே சொல்பவர்களும் உண்டு. காவி கட்டிய ஆணைச் 'சாமி' என்று கூப்பிடுகிறார்கள். காவி கட்டிய கிழவியிடம் "உனக்கு யாரும் இல்லியா?" என்று கேட்கிறார்கள். யாரும் இல்லாத கிழவிகள்தான் கடைசியில் இல்லத்துக்கு வருகிறார்கள். நாங்கள் போன இல்லத்திலும் பெண்களே அதிகம்.

படிவத்தின் முதல் பகுதி முதியவரிடமே கேட்பது. இன்று என்ன தேதி, இது எந்தப் பருவம், இது எந்த இடம். ஆய்வு உதவியாளரான இளம்பெண் அமைதியாக, மரியாதையாகக் கேட்டாள்.

"பாட்டி, இப்ப எந்தப் பருவம்?"

"பருவம்னா?"

"அதான், என்ன காலம் நடக்குது?"

"இன்னா காலமா? மல்லாட்டை புடுங்குற காலம்."

அவள் பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். வெளியூர்ப் பெண். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலையை மல்லாட்டை என்போம் என்று சொன்னேன். ஐப்பசி மாதம். மானாவாரிக் கொல்லைகளில் அதைத்தான் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். விடை சரி, படிவத்தில்தான் அதற்கு இடமில்லை. மழைக்காலம், குளிர்காலம், கோடைக்காலம் என்று மூன்றே கட்டங்கள் இருந்தன. தேதி கேட்டபோது இன்னொரு பாட்டி "பௌர்ணமி போயி அஞ்சு நாளு ஆவுது" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தோம், சரியாக இருந்தது. கிரிவலப் பாதையில் வாழ்பவர்களுக்கு மாதம் பௌர்ணமியில்தான் பிறக்கும். அன்றைக்கு வண்டி ஓடாது, கூட்டம் அலைமோதும், வியாபாரம் நடக்கும், சோறு கிடைக்கும். அவர்கள் நாள் எண்ணுவது அதிலிருந்துதான்.

உலகம் முழுக்கப் பயன்படும் நினைவுச் சோதனை 1975இல் அமெரிக்காவில் வெளியானது. மொத்தம் முப்பது மதிப்பெண். நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். ஒரு வாக்கியம் எழுத வேண்டும். ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும். பள்ளிக்கூடம் போனவரை மனத்தில் வைத்துச் செய்த சோதனை இது. இன்று எண்பது வயதாகும் பெண் சுதந்திரத்தை ஒட்டிப் பிறந்தவர். 1951 கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை. பென்சிலையே பிடிக்காத விரல்களிடம் ஐங்கோணம் கேட்டால், வாங்கும் பூஜ்யம் மூளையின் பூஜ்யமா, பள்ளிக்கூடத்தின் பூஜ்யமா? ஹரியானாவின் பல்லப்கர் பகுதியில் 1990களில் நடந்த ஆய்வு இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்டது. நூறிலிருந்து ஏழு என்பதை இருபதிலிருந்து மூன்று என்று மாற்றினார்கள். வாக்கியம் எழுதுங்கள் என்பதற்குப் பதிலாக, உங்கள் வீட்டைப் பற்றி ஒரு வரி சொல்லுங்கள் என்றார்கள். படிக்காதவருக்கும் நினைவு உண்டு, அதை அளக்கும் கோலைத்தான் மாற்ற வேண்டும் என்று ஒப்புக்கொண்ட ஆய்வு அது.

இதற்கு நேர்மாறான சிக்கலும் இருக்கிறது. அதை நான் இல்லத்தில்தான் கண்டேன். ஒரு பாட்டி எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வாங்க வாங்க. சாப்ட்டீங்களா? புள்ளைங்க நல்லாருக்குதா? ஒக்காருங்க, காப்பி போட்டுத் தரேன்" என்றார். உதவியாளர் நெகிழ்ந்துபோனாள். இவருக்கு ஒன்றும் இல்லை என்றே எனக்கும் பட்டது. சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த அக்கா சொன்னார்: "காத்தாலேர்ந்து அந்தத் தூணுக்கும் காப்பி போட்டுத் தரேன்னுதான் சொல்லிக்கினு இருக்குது." உபசாரம் ஒரு பெண்ணின் நாக்கில் ஐந்து வயதிலிருந்து ஊறியது. மற்றதெல்லாம் போன பிறகும் அது நிற்கிறது. விருந்தாளிகளிடம் அவர் நன்றாக இருப்பதாகவே தோன்றும். கூட இருப்பவளுக்குத்தான் தெரியும்.

அதனால்தான் இந்தப் படிவங்களுக்கு இரண்டாம் பகுதி ஒன்று உண்டு. முதியவரை நன்றாக அறிந்த ஒருவரிடம் கேட்பது. அவரைத் 'தகவலாளர்' என்று மொழிபெயர்த்திருந்தார்கள். 'தெரிந்தவர்' என்று மாற்றினேன். அவரிடம் கேட்கும் கேள்விகளில் எல்லாம் ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும்: முன்பு. முன்பு செய்த வேலையை இப்போதும் செய்கிறாரா? முன்பைவிட அதிகம் மறக்கிறாரா? முன்பு இருந்த குணம் மாறியிருக்கிறதா? ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்க ஒரு துளி ரத்தம் போதும். மறதிநோயை அப்படிச் சொல்ல முடியாது. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எதனால் வந்தது என்று சொல்ல உதவலாம். நோய் இருக்கிறதா என்ற முதல் கேள்விக்கு, ஒருவர் தான் இருந்த நிலையிலிருந்து இறங்கியிருக்கிறார் என்று தெரிய வேண்டும். 'இவங்க இப்படி இல்ல' என்று சொல்ல யாராவது வேண்டும்.

இந்த நோயின் ஒரு வகைக்கு உலகம் வைத்த பெயர் அலாய்ஸ் அல்சைமர் என்ற டாக்டருடையது. அவர் பார்த்த முதல் நோயாளி ஒரு பெண். அகஸ்டே டீட்டர். 1901இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் மனநலக் காப்பகத்துக்கு அழைத்துவரப்பட்டபோது அவருக்கு வயது 51. முன்பு இப்படி இல்லை என்று சொன்னவர் கணவர்: காரணமில்லாமல் சந்தேகப்பட்டார், மறந்தார், சமையலில் தப்புச் செய்தார். கணவர் பெயர் என்ன என்று கேட்டபோது தன் பெயரையே சொன்னார் அகஸ்டே. தன்னையே தொலைத்துவிட்டதாகவும் சொன்னார். அதைவிடச் சுருக்கமாக இந்த நோயை யாரும் விளக்கியதாக எனக்குத் தெரியவில்லை. 1906இல் இறந்தார். மருத்துவ நூல்களில் நெடுங்காலம் குடும்பப் பெயரின் முதல் எழுத்து மட்டுமே கொண்டவராக இருந்தார். அவருடைய கோப்பு 1995இல்தான் கண்டெடுக்கப்பட்டது. அந்தப் பழைய கோப்பிலேயே, ஒரு பெண் நோயாளியாகிவிட்டாள் என்பதன் அடையாளங்களில் ஒன்று, சமையல் கெட்டுப்போனது.

எங்கள் மாவட்டத்துக்கு அடுத்த மாவட்டத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். திருவண்ணாமலையிலிருந்து போளூர், கண்ணமங்கலம் வழியாக வேலூர் போகும் பேருந்தில், வேலூருக்குச் சற்று முன்னால் வருவது கணியம்பாடி. 1989 வரை நாங்களும் அவர்களும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். மறதிநோய் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 66 சதவீதம், வளரும் நாடுகளில் இருப்பதாக 1998 வாக்கில் மதிப்பிட்டார்கள். ஆராய்ச்சியிலோ பத்தில் ஒரு பங்குகூட அவர்களைப் பற்றியதாக இருக்கவில்லை. இந்த இரண்டு எண்களையும் பெயராக வைத்துக்கொண்டு '10/66' என்ற ஆய்வுக் குழு 1998இல் கொச்சியில் கூடிய மாநாட்டில் உருவானது. இந்தியாவில் அவர்கள் தேர்ந்தெடுத்த இடங்கள் இரண்டு. நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்குக் கணியம்பாடி ஒன்றியம். வேலூர் சி.எம்.சி.யின் மருத்துவர்கள் ஊர் ஊராகப் போய் 65 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பார்த்தார்கள்.

ஏழு நாடுகளில், பதினோரு இடங்களில், ஏறக்குறைய 15,000 பேரிடம் நடந்த அந்த ஆய்வின் முடிவு 2008இல் 'லான்செட்' இதழில் வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் வரையறைப்படி கணக்கிட்டால் கியூபாவில் நூற்றுக்கு 6.3 பேருக்கு நோய். இந்தியக் கிராமத்தில் 0.3 பேருக்கு மட்டும். பண்பாட்டுக்கும் படிப்புக்கும் ஏற்ப அந்தக் குழு தானே உருவாக்கிய முறைப்படி கணக்கிட்டால், இடத்துக்கு இடம் 5.6 முதல் 11.7 சதவீதம் வரை. கியூபாவோடு ஒப்பிட்டால் இருபதில் ஒரு பங்காகத் தெரிந்த எங்கள் கிராமம், அளவுகோலை மாற்றியதும் உலகத்தோடு சேர்ந்துகொண்டது.

ஏன் இந்த வித்தியாசம்? முதல் வரையறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. மறதி இருந்தால் போதாது, அந்த மறதி அன்றாட வாழ்க்கையையும் வேலையையும் கெடுத்திருக்க வேண்டும். அப்படிக் கெடுத்திருக்கிறது என்று வீட்டிலுள்ள ஒருவர் சொல்ல வேண்டும். கணியம்பாடியானாலும் அடி அண்ணாமலையானாலும் வீட்டிலுள்ள ஒருவர் என்றால் பெரும்பாலும் மருமகள். அவளிடம் போய் "மாமியார் வேலை கெட்டிருக்கிறதா?" என்று கேட்டால் என்ன சொல்வாள்? அடுப்பு அவள் கைக்கு வந்து பத்து வருடம் ஆகியிருக்கும். உப்பு, புளி, பால் கணக்கு எல்லாம் அவளிடம். மாமியாரிடம் இப்போது யாரும் எந்த வேலையும் கேட்பதில்லை. கேட்காத வேலை எப்படிக் கெடும்? "வயசாயிடுச்சி, அப்படித்தான்" என்பாள். குளிக்க வைக்கிறாள், ஊட்டிவிடுகிறாள், இரவில் வாசலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறாள். இதையெல்லாம் அவள் நோய்க்கான பராமரிப்பு என்று எண்ணுவதில்லை, தன் வீட்டு வேலையில் சேர்த்திருக்கிறாள். தன் வேலையை அவளே கணக்கில் வைக்காததால் மாமியாரின் நோயும் கணக்கில் வரவில்லை. 0.3 என்ற எண்ணில் பெண்களின் கூலியில்லா உழைப்பு முழுவதும் மூழ்கிக் கிடக்கிறது.

அவள் வாயைத் திறக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கோவாவில் நடந்து 2001இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த நிலை குடும்பம் சரியாகக் கவனிக்காததால் வருகிறது என்று மக்கள் நம்புவது தெரியவந்தது. எங்கள் தெருவிலும் அதே தீர்ப்புதான். கிழவி புடவையை அவிழ்த்துப் போட்டால், சாப்பிட்டதை மறந்து "எனக்குச் சோறு போடல" என்று தெருவில் சொன்னால், நூறு கண்கள் திரும்புவது மருமகள் பக்கம். மறதிநோயின் அறிகுறி ஒன்று அவள்மீது குற்றப்பத்திரிகையாகிறது. அப்படியிருக்க, நோட்டும் பேனாவுமாக வரும் அந்நியரிடம் "ஆமாம், இவங்க கெட்டுப்போய்ட்டாங்க" என்று அவள் எப்படிச் சொல்வாள்? யாழ்ப்பாணத்தில் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்பார்கள். மலையாளத்தில் 'சின்னன்' என்பார்கள், குழந்தைத்தனம். எங்கள் ஊரில் "சின்னப் புள்ள மாதிரி ஆயிடுச்சி." சொற்கள் இருக்கின்றன. ஆனால் அவை நோய்க்கான பெயர்கள் அல்ல, வயதுக்கான பெயர்கள். எங்கள் இலக்கியம் கொண்டாடிய கிழவி ஔவை. சொல் பிசகாதவள். சொல் பிசகிய கிழவிக்கு நாங்கள் இடம் வைக்கவில்லை.

பெண்களின் கண்ணை நம்பிப் பார்த்தவர்களும் உண்டு. கேரளத்தில் 2002இல் வெளியான ஓர் ஆய்வில், சில மணி நேரம் மட்டுமே பயிற்சி பெற்ற அங்கன்வாடிப் பணியாளர்கள் தங்கள் பகுதியில் மறதிநோய் இருக்கக்கூடியவர்களை அடையாளம் காட்டினார்கள். மருத்துவர் போய்ப் பார்த்தபோது பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் உறுதியானது. கருவியோ ஸ்கேனோ இல்லை. எந்த வீட்டில் யார் எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்று தெரிந்த பெண்கள் மட்டும்.

முதியோர் இல்லத்தில் அந்தத் தெரிந்தவள் இல்லை. வீட்டில் மருமகள் சொல்லத் தயங்குகிறாள். இல்லத்தில் சொல்வதற்கு மருமகளே கிடையாது. சமையற்கட்டு அக்காவிடம் இரண்டாம் பகுதியைக் கேட்டோம். யார் இட்லியைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைப்பார், யார் விளக்கு வைக்கும் நேரமானதும் மூட்டை கட்டிக்கொண்டு வாசலில் நிற்பார், யார் தன்னை மகள் பேர் சொல்லிக் கூப்பிடுவார் என்று விரல்விட்டுச் சொன்னார். யார் எத்தனை முறை எழுந்திருப்பார் என்று இரவுக் கணக்குகூட வைத்திருந்தார். முன்பு எப்படி இருந்தார் என்று உதவியாளர் கேட்டதும் நின்றுவிட்டார்.

"டீச்சர், இவங்க வந்ததே போன ஆடியில. முன்னாடி எப்படி இருந்தாங்கன்னு எனக்கெப்படித் தெரியும்?"

படிவம் மொத்தமும் அந்த இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. இல்லத்தின் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். பெயர், உத்தேச வயது, வந்த தேதி, அழைத்துவந்தவர், ஆதார். சிலருக்கு அதுவும் இல்லை. தொழில் என்ற இடத்தில் பெண்களுக்கு வரிசையாக ஒரே சொல்: இல்லை. இதே பதிவேட்டில் ஆண்களுக்கு நெசவு, லாரி டிரைவர், மேஸ்திரி என்று இருந்தது. நாற்று நட்டவர், செங்கல் சூளையில் கல் அறுத்தவர், பத்து வீட்டில் பாத்திரம் கழுவியவர் எல்லாரும் 'இல்லை'. என்ன செய்துகொண்டிருந்தார் என்று எழுதாமல் விட்டுவிட்டு, இப்போது எதைச் செய்ய முடியவில்லை என்று கண்டுபிடிப்பது எப்படி?

அமெரிக்காவில் 1987இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, அரசுத் திட்டங்களில் பணம் பெறும் நர்சிங் ஹோம்கள் தங்கள் வாசிகள் ஒவ்வொருவரையும் ஒரு பொதுப் படிவத்தில் அவ்வப்போது மதிப்பிட்டாக வேண்டும். சற்று முன் நடந்தது நினைவிருக்கிறதா, தானாக முடிவெடுக்கிறாரா, சொல்ல வந்ததைப் புரியவைக்கிறாரா, தானாகச் சாப்பிடுகிறாரா. கூட இருந்து பார்க்கும் ஊழியர் சொல்வதையும் கொண்டு நிரப்புவது அது. அங்குள்ள ஆய்வாளர்கள் மறதிநோய் உள்ளவர்களை அடையாளம் காண அந்தப் படிவங்களைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். அங்கும் அந்த ஊழியர்கள் பெரும்பாலும் பெண்கள், குறைந்த கூலிக்காரர்கள். ஆனாலும் அவர்கள் கண்டது தாளில் ஏறுகிறது. எங்கள் சமையற்கட்டு அக்காவின் இரவுக் கணக்கு அவர் தலைக்குள்ளேயே இருக்கிறது. அவர் வேலையை விட்டுப் போனால் அதுவும் போய்விடும். நம் சட்டமும் இல்லத்தைக் கட்டுவதோடு நின்றுவிடுகிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 ஏழை முதியவர்கள் தங்கும் அளவில் இல்லங்கள் அமைக்கலாம் என்கிறது. நல்லதுதான். நூற்றைம்பது கட்டிலோடு நூற்றைம்பது பேரின் 'முன்பு'ம் வர வேண்டுமே.

இல்லத்தில் ஒரு பாட்டி வாயே திறக்கவில்லை. முதல் பகுதியில் எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை. உறவு யாரும் இல்லை. கிரிவலப் பாதையில் பூ விற்றவர் என்று மட்டும் அக்காவுக்குத் தெரியும். உதிரிப் பூவும் நாரும் மடியில் வைத்தால் விரல்கள் தானாகக் கட்டும் என்றார். வைத்தோம், கட்டினார். அவ்வளவு வேகமும் நெருக்கமும் என் விரலுக்கு இந்த ஜென்மத்தில் வராது. ஆனால் கட்டிக்கொண்டே போனார். எங்கே முடிப்பது என்று கைக்குத் தெரியவில்லை.

குடும்பம் இல்லையென்றால் தெரிந்தவரே இல்லை என்று ஆகிவிடுமா? உதவியாளரை அழைத்துக்கொண்டு பூக்கடை வரிசைக்குப் போனேன். அவருக்குப் பக்கத்தில் பல வருடம் உட்கார்ந்து விற்ற பெண் கிடைத்தார். ஐம்பது வயதிருக்கும். கை நிற்காமலே பேசினார்.

"மொதல்ல சில்லறைதான் தப்பாச்சி. புது நோட்டு வந்த சமயம். எல்லாருக்குந்தான் கொழம்புச்சி. எங்களுக்கெல்லாம் பழகிடுச்சி, அதுக்குப் பழகல. அப்புறம் மொழம் நீண்டுக்கினே போச்சி. ஒரு மொழத்துக்கு ஒன்னரை மொழம் அளந்து குடுக்கும். வாங்குறவங்களுக்கு சந்தோசம். வயசாவ வயசாவ ஆயாவுக்குக் கை தாராளமாயிடுச்சின்னு நெனச்சோம். நாரு இல்லாம கட்ட ஆரம்பிச்சப்பதான் பயந்துட்டோம்."

எந்த மருத்துவக் குறிப்பிலும் இவ்வளவு தெளிவாக நான் படித்ததில்லை. தொடக்கம் எப்போது, எந்தத் திறன் முதலில் போனது, அடுத்து எது, சுற்றியிருந்தவர்கள் அதை எப்படிப் புரிந்துகொண்டார்கள், எப்போது பயந்தார்கள், எல்லாம் இருக்கிறது. எல்லாருக்கும் வந்த குழப்பத்தையும் ஒருவருக்கு மட்டும் தங்கிவிட்ட குழப்பத்தையும் அவர் பிரித்துச் சொன்னாரே, மறதிநோயை அடையாளம் காண்பது என்றால் அதுதான். படிவத்தில் உறவுமுறை என்ற இடத்தில் கணவர், மனைவி, மகன், மகள், மருமகள் என்ற கட்டங்களுக்குக் கீழே 'பிற' என்று ஒன்று இருந்தது. உதவியாளர் அதில் டிக் போட்டாள். அதன் பக்கத்தில் 'பக்கத்துக் கடை' என்று எழுதச் சொன்னேன், எழுதினாள்.

அடுத்தது ஒப்புதல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, எழுதத் தெரியாதவரிடம் படித்துக் காட்டி, பாரபட்சமில்லாத சாட்சி ஒருவர் முன்னிலையில் கைரேகை வாங்க வேண்டும். தானாக ஒப்புதல் தர முடியாதவருக்குச் சட்டப்படி அவர் சார்பில் ஒருவர் தரலாம். அதே 2017இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 99ஆம் பிரிவு இன்னும் நுணுக்கமானது. உடலிலோ மனத்திலோ தலையிடும் ஆய்வில், ஒப்புதல் தர இயலாத ஆனால் எதிர்ப்புக் காட்டாத ஒருவரைச் சேர்க்க மாநில மனநல ஆணையத்தின் அனுமதி வேண்டும் என்கிறது. கேள்வித்தாள் தலையீடாகுமா என்பது வழக்கறிஞர்களின் விவாதம். 'எதிர்ப்புக் காட்டாத' என்ற சொற்களில் என் மனம் தங்கிவிட்டது. இல்லத்தில் பெரும்பாலான பெண்கள் எதிர்ப்புக் காட்டவில்லை. "எனக்கின்னா தெரியும், நீங்க பாத்து செய்யுங்க" என்று விரலை நீட்டினார்கள். யார் யாரோ படித்த தாள்களில் வாழ்நாளெல்லாம் ரேகை வைத்தவர்கள் அவர்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுக்க 2005இலும் சட்டம் வந்த பிறகும், அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்கக் கட்டைவிரலை நீட்டியவர்கள். அந்த விரல் நீள்வதை ஒப்புதல் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

பூக்காரப் பாட்டியின் கையை உதவியாளர் மெதுவாகத் தொட்டாள். பாட்டி கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். இரண்டாவது முறை முகத்தையும் திருப்பிக்கொண்டார். பக்கத்துக் கடைப் பெண் அவருக்காக ரேகை வைக்கவும் முடியாது. அவர் சொந்தமும் இல்லை, நியமிக்கப்பட்டவரும் இல்லை. உதவியாளர் படிவத்தின் மேல் 'மறுப்பு' என்று எழுதி உறைக்குள் போட்டாள். அவள் செய்தது சரி. இவரைச் சேர்க்காததால் ஆய்வில் ஓர் எண் குறைகிறது, அதுவும் உண்மை. யாருமில்லாதவர்கள், பேச முடியாதவர்கள், கையை இழுத்துக்கொள்பவர்கள் இப்படி ஒவ்வொருவராக விடுபட்டால், முதியோர் இல்லத்து மறதிநோய் பற்றிய கணக்கில் மிஞ்சுவது சொந்தபந்தம் உள்ளவர்கள் மட்டும். ஆனால் அந்த எண்ணுக்காக, அவரிடம் மிச்சமிருக்கும் ஒரே சொல்லான 'வேண்டாம்' என்பதைப் பறிக்கக்கூடாது. பெண்களின் 'வேண்டாம்' வாழ்நாள் முழுக்கக் கணக்கில் வராத நாட்டில், அது நினைவையும் தாண்டி நிற்கிறது என்றால் அதற்கு மரியாதை செய்ய வேண்டியது ஆய்வுதான்.

இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம், ஏறக்குறைய 88 லட்சம் பேர் மறதிநோயோடு இருக்கிறார்கள் என்று 2023இல் வெளியான தேசிய அளவிலான மதிப்பீடு சொல்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம், படிப்பு குறையக் குறைய அதிகம். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் அவள் எங்கள் ஊர் முதியோர் இல்லத்தில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்காக ஆய்வாளர்கள் கண்டுபிடிக்க வேண்டியவை நிறைய இருக்கலாம். இல்லங்கள் நாளைக்கே செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது.

புதிதாக ஒரு பெண் வந்து சேரும் அன்று, அவருக்கு இன்னும் பேச்சு இருக்கும்போதே, கூட வந்தவர் கிளம்புவதற்கு முன்பே கேட்டு எழுதிக்கொள்ளலாம். என்ன வேலை செய்தீர்கள்? எதைச் செய்வதில் கெட்டிக்காரி என்று ஊர் சொல்லும்? பணம் எண்ணுவீர்களா? எந்த ஊர் வரை தனியாகப் பேருந்தில் போவீர்கள்? உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார், அவரை எங்கே போய்ப் பார்க்கலாம்? தொழில் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதுவதை நிறுத்தலாம். சமையற்கட்டு அக்காவின் இரவுக் கணக்குக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுக்கலாம். அதை எழுதும் நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுக்கலாம். நாற்பது பக்க நோட்டே போதும்.